நெற்றி வரைக்கும் வந்த மாப்பிள்ளை

மாப்பிள்ளையின் நெற்றியை மட்டும் பார்த்துவிட்டு யாராவது பெண்ணைக் கொடுப்பார்களா, சொல்லுங்கள்? பூசணிப்பாளையத்தில் கிட்டத்தட்டக் கொடுத்தே விட்டார்கள்.

இப்போது நாம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் செல்போனில் உலகத்தையே பார்த்துவிடுகிறோம். அப்போது அப்படியில்லை. இன்டர்நெட் என்றால் போன் கம்பி வழியாகத்தான் வரும். வரும்போதே கீ... கர்ர்ர் என்று கத்திக்கொண்டு வரும். படம் உச்சியிலிருந்து கோடு கோடாக இறங்கும். நடுவில் நாம் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். பூசணிப்பாளையத்துக்கு ஒரே போன், அது பால் சொசைட்டியின் முன்னறையில் இருந்தது. ஒரே கம்ப்யூட்டர், அது பின்னறையில்.

ராக்கியண்ணன் மகள் பவளக்கொடிக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் இளங்கோ. "போட்டோவை மெயிலில் அனுப்பிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்றேன். பொண்ணே பதில் சொல்லட்டும். வேண்டாம்னா சேலத்தில் வேற பொண்ணு பார்த்து வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டான். பவளக்கொடிக்கு நிறம், உயரம் எதுவும் பெரிதில்லை. சிரித்த முகமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். அப்பா சிரித்து அவள் பார்த்ததே கிடையாது. இன்னொரு உம்மணாமூஞ்சியோடு ஆயுசை ஓட்ட அவளால் ஆகாது.

கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்த ஈரோட்டு இன்ஜினியர் போகும்போது சொல்லியிருந்தார்: செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அறை குளுகுளுவென்று இருக்கவேண்டும். படம் இறங்கும்போது யாரும் போனில் பேசக்கூடாது, பேசினால் அறுந்துவிடும்.

ராக்கியண்ணன் பிறந்ததிலிருந்து செருப்பே போட்டதில்லை. வாசல் வரைக்கும் வந்தவர், "கழட்டறதுக்கு ஒண்ணுமில்லையே, எப்படி உள்ள போறது?" என்று திரும்பிப் போனார். பக்கத்து வீட்டில் ஒரு ஜோடி இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். வாசலில் முறையாகக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

போனுக்குக் காவலாக சித்தப்பா சென்னியப்பன் முன்னறையில் உட்கார்ந்தார். "ஒரு ஈ காக்கா பேசாம நான் பாத்துக்கறேன்."

தாய்மாமன் அங்கமுத்து பொத்தானைத் தட்டினார். கீ... கர்ர்ர்!

"வலி எடுத்திருச்சு! தெய்வானையக் கூப்பிடுங்க!" என்று பதறினார் ராக்கியண்ணன்.

தெய்வானை ஊர் மருத்துவச்சி. வந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தாள். கருகருவென்று முடி தெரிந்தது. "தலைதான் முதல்ல வருது. ஒண்ணும் பயமில்லை. வெந்நி வைங்க."

"வெந்நியா? ரூமு குளுகுளுன்னு இருக்கோணுமாமே, அக்கா?" என்றார் அங்கமுத்து.

தெய்வானை நெடுநேரம் யோசித்தாள். "அப்ப வெந்நியை நல்லா ஆறவெச்சுக் கொண்டாங்க."

நெற்றி வந்தது. சட்டென்று படமே காணாமல் போனது. "தலை உள்ள போயிருச்சே!" என்று தெய்வானை கன்னத்தில் கை வைத்தாள்.

விஷயம் இதுதான். முன்னறையில் சென்னியப்பனுக்கு ஒரு சந்தேகம், யாராவது திருட்டுத்தனமாகப் பேசுகிறார்களோ என்று. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். எடுத்தாலே லைன் அறுந்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. யாரும் பேசவில்லை. நிம்மதியாக வைத்துவிட்டார். அங்கமுத்து மறுபடி தட்டினார். நெற்றி வந்ததும் சென்னியப்பன் மறுபடி எடுத்துக் கேட்டார். மத்தியானம் முழுக்க அவர் அவ்வளவு கவனமாக இருந்தார்.

"ஏன் மாமா, நெத்திக்குக் கீழ வரவே மாட்டேங்குது?" பவளக்கொடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கூச்சப்படறாரு புள்ள. இத்தனை பேரு மொறைச்சுப் பாத்தா யாருதான் வெளிய வருவாங்க? எல்லாரும் சுவத்துப் பக்கம் திரும்பி நில்லுங்க."

திரும்பி நின்றார்கள். அந்தத் தடவை சென்னியப்பன் டீ குடிக்கப் போயிருந்ததால் முழு முகமும் வந்தது, பார்க்கத்தான் ஆளில்லை. டீ குடித்துவிட்டு வந்தவர் முதல் வேலையாக ரிசீவரை எடுத்தார். லைன் அறுந்து கம்ப்யூட்டர் டொங்கென்று கத்த, பதறிப்போன அங்கமுத்து கண்ட பொத்தானையெல்லாம் தட்ட, வந்த முகமும் போய்விட்டது.

"அகலமான நெத்தி. இது போதும், ஆமான்னு சொல்லிரு" என்றார் ராக்கியண்ணன்.

"நெத்தியாப்பா சிரிக்கும்?"

ஆறு மணிக்குப் போன் அடித்தது. சென்னியப்பன் எடுத்துக் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, யாரோ பேசறாங்க!" தடாலென்று வைத்தார். மறுபடி அடித்தது. "மறுபடியும் அவனேதான்! சொன்னாக் கேக்கறானா பாரு!"

அடுத்த தடவை பவளக்கொடி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள்.

"போட்டோ பாத்தீங்களா? பிடிச்சிருக்கா?" என்றான் இளங்கோ.

"நெத்தி வரைக்கும் பிடிச்சிருக்குதுங்க. அதுக்குக் கீழ இன்னும் வரலைங்க. சிரிச்ச மொகமான்னு தெரியாம நான் எப்படிங்க பதில் சொல்றது?"

அந்தப் பக்கம் இளங்கோ விழுந்து விழுந்து சிரித்தான். சொசைட்டி முழுக்கக் கேட்டது. பவளக்கொடி அது அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள்.

"சத்தம் நல்லாக் கேக்குதுங்க. ஆனா மூஞ்சி சிரிக்குதான்னு தெரியோணுமில்லீங்க?"

"அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்?"

பவளக்கொடி ரிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யோசித்தாள்.

"நெத்திய நாங்க பாத்தாச்சுங்க, அது போதும். நீங்க தலைகீழா நின்னு இன்னொரு போட்டோ எடுத்து அனுப்புங்க. கால்ல இருந்து எறங்கட்டும். அப்புறமுங்க... நிக்கறப்ப வேட்டி வேண்டாமுங்க, பேன்ட்டே போட்டுக்கங்க. எங்கப்பாவும் பாக்கறாரு."