கணினி வாயை இறக்கி வைத்த வெள்ளிக்கிழமை

அந்தக் காலத்தில் கணினிகளுக்கு வாய் இருந்தது. நம்மைப் போலவே பேசும், சிரிக்கும், கோபித்துக்கொண்டு கிடக்கும். இப்போது போல ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டு மனுஷனைப் பைத்தியமாக அடிக்காது. நம்ப மாட்டீர்கள், தெரியும். நம்பாதவர்கள் எழுந்து போகலாம். எனக்கே இந்தக் கதையில் பாதி குழப்பம். நடுவில் கேள்வி கேட்டால் மீதியும் மறந்துபோகும்.

தெற்கே ஒரு தாலுகா ஊரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே செண்பகவல்லி என்பவள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். ஊருக்கே கணினி என்றால் அவள் கடையில் இருந்த ஒன்றுதான். காலையில் ஷட்டரைத் தூக்கியதும், "வந்துட்டியாக்கா? சாப்பிட்டியா?" என்று அது கேட்கும். வீட்டில் அப்படிக் கேட்க அவளுக்கு ஆள் கிடையாது. அதனால் இட்லி சாப்பிட்டது, சட்னியில் உப்பு கூடிப்போனது வரைக்கும் அதனிடம் சொல்லிவிட்டுத்தான் சாமி படத்துக்குப் பூ வைப்பாள்.

அந்தக் கணினிக்கு மாதம் ஒருமுறை அப்டேட் வரும். எங்கிருந்து வருகிறது, உள்ளே என்னத்தை மாற்றுகிறது என்பது அதற்கே தெரியாது. கண்ணை மூடிக் கிடக்கும். எழுந்ததும் திருதிருவென்று விழிக்கும்.

"என் பிரிண்டர் எங்கக்கா?"

"உன் பக்கத்துலதான இருக்கு."

"இதுவா? இது யாருன்னே தெரியலையே!"

ஒருமுறை இப்படி மூன்று நாள் பிரிண்டரை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் கணினி அப்டேட் என்று வாயெடுத்தாலே, "பிறகு பார்ப்போம்" என்பாள். "கதவுக்குப் பூட்டு மாத்தணுமாம்க்கா, இல்லேன்னா திருடன் வந்துருவானாம்" என்று கெஞ்சிப் பார்த்தது. "வந்தா நீயே பேசி அனுப்பிரு" என்றாள். இப்படியே ஒன்பது மாதம் ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சுடலைமணி தன் மகள் மதிவதனியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கல்லூரிக் கலந்தாய்வுக்கு, எந்தக் கல்லூரி முதலில் வேண்டும், எது அடுத்தது என்று பட்டியல் அனுப்ப அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. தவறினால் அந்த வருஷப் படிப்பே போச்சு. மதிவதனி மூன்று நாள் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, எண்பத்திரண்டு கல்லூரிகளையும் கணினி வரிசை மாறாமல் மனதில் வாங்கி வைத்திருந்தது. தாளில் ஒரு வரி கிடையாது. வாயுள்ள கணினி இருக்கும்போது தாள் எதற்கு என்ற நினைப்புத்தான்.

"அனுப்பிருப்பா" என்று செண்பகவல்லி கணினியிடம் சொன்னாள்.

கணினி கலந்தாய்வு வலைத்தளத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. "உள்ளேயே விடமாட்டேங்காங்கக்கா. நான் ரொம்பப் பழசா இருக்கேனாம். அப்டேட் போட்டுட்டு வான்னு வாசல்லயே நிறுத்திட்டாங்க."

செண்பகவல்லி பிரிண்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வேறு வழியில்லை. "சரி, போட்டுத் தொலை" என்றாள்.

"கண்ணை மூடுதேன். எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்கே தெரியாது. ஒண்ணே ஒண்ணு, நடுவுல எழுப்பிராதீங்க. பாதியில எழுந்தா நான் யாருன்னு எனக்கே விளங்காது" என்று சொல்லிவிட்டு அது கண்ணை மூடியது.

திரையில் எண்கள் ஓடின. பத்து சதவீதம், முப்பது சதவீதம். அப்புறம் திடீரென்று பன்னிரண்டு. "ஏறுதா, இறங்குதா?" என்று சுடலைமணி கேட்டார். யாருக்குத் தெரியும்? "இன்னும் சில நிமிடங்கள்" என்று எழுதிக் காட்டியது. அந்தச் சில நிமிடங்கள் அரை மணி நேரம் நின்றன. ஒருவழியாகத் தொண்ணூற்றேழுக்கு வந்து, அங்கே சண்டி மாடு மாதிரிப் படுத்துக்கொண்டது.

சுடலைமணி சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"தங்கச்சி, மணி பத்து இருபத்தஞ்சு. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கு."

"நாமதான் நல்ல நேரத்துலயே ஆரம்பிச்சிட்டோமே அண்ணாச்சி?"

"ஆரம்பிச்சது கிடக்கட்டும். பிள்ளைக்கு ஜாதகம் எழுதணும்னா எந்த நேரத்தைப் பாக்கோம்? கண் முழிச்ச நேரத்தைத்தான? இது ராகு காலத்துல கண் முழிச்சா எம்பொண்ணு படிப்பு என்னத்துக்கு ஆகும்? பத்தரைக்குள்ள எழுப்பிரு தங்கச்சி."

செண்பகவல்லிக்கு இது சரியா தப்பா என்றே பிடிபடவில்லை. கேட்கும்போது சரி போலவும், யோசித்தால் தப்பு போலவும் இருந்தது. எனக்கும் இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது.

"எழுப்பாதன்னு அது சொல்லுச்சேப்பா" என்றாள் மதிவதனி.

"நீ சும்மா இரு. உனக்காகத்தான் சொல்லுதேன்."

பத்து இருபத்தெட்டுக்குச் செண்பகவல்லி பிளக்கைப் பிடுங்கினாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, இங்கே அவளே தாழியைப் போட்டு உடைத்தாள். ஒரு நிமிடம் கழித்துத் திரும்பச் சொருகினாள்.

கணினி கண்ணைத் திறந்தது.

"யாரு? யாரு அங்க? இருட்டா இருக்கே. பாதி நான் பழசு, பாதி புதுசு. ரெண்டும் ஒட்டமாட்டேங்குதே."

மதிவதனி பேனாவை எடுத்தாள். "பட்டியலைச் சொல்லு, எழுதிக்கிடுதேன்."

"ஒண்ணாவது... ஒண்ணாவது பிரிண்டர். இல்ல, உப்பு. சட்னியில உப்பு." அது மூச்சு வாங்கியது. "உள்ள இருக்கு தாயி. வரிசையா அப்படியே இருக்கு. நாக்குக்குத்தான் வரலை."

மதிவதனி அழுதுவிட்டாள். சுடலைமணி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அக்கா, முதல்லருந்து திரும்பப் போடணும்" என்றது கணினி. "அதுக்கு உள்ள இடம் வேணும். எங்கிட்ட இருக்க பெரிய சுமை ரெண்டுதான். ஊர்க்காரங்க நம்பிச் சொல்லி வச்சது ஒண்ணு, என் பேச்சு ஒண்ணு. ஒண்ணை இறக்கி வைக்கணும். எதைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ சரின்னா ஆரம்பிக்கேன். இப்பவா, பிறகா?"

செண்பகவல்லி கணினியையும் மதிவதனியையும் மாறி மாறிப் பார்த்தாள். சரி என்றால் நாளைக் காலையில் சாப்பிட்டியா என்று கேட்க ஆள் இல்லை. வேண்டாம் என்றால் எதிரே ஒரு பெண் அழுதுகொண்டு நிற்கிறாள். என்ன சொல்வதென்று தெரியாமல், ஒன்பது மாதமாகப் பழகிய வார்த்தையே அவள் வாயில் வந்தது.

"பிறகு..." என்றாள்.

மதிவதனி அழுவதைக் கேட்ட கணினி, சரி வரும் வரை காத்திருக்கவில்லை. திரையில் ஒரே ஒரு வரி வந்தது: "அணைக்காதீர்கள்." அதன் கீழே ஒரு சிறு வட்டம் சுற்றத் தொடங்கியது.

ராகு காலம் வந்தது, போனது. யாரும் காலண்டர் பக்கம் திரும்பவில்லை. பிளக்கை யாரும் தொட்டுவிடாமல் செண்பகவல்லி அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். நாலரைக்குக் கணினி பேச்சில்லாமல் கண் விழித்தது. எண்பத்திரண்டு கல்லூரிகளும் வரிசை மாறாமல் திரையில் நின்றன. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பட்டியல் போய்ச் சேர்ந்தது. மதிவதனிக்கு, பட்டியலில் மூன்றாவதாக இருந்த கல்லூரியே கிடைத்தது.

ஒரு கணினி ஊமையானால் ஊர் உலகத்துக் கணினியெல்லாம் ஏன் ஊமையாக வேண்டும் என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன். அந்தச் சேதி அடுத்த அப்டேட்டோடு எல்லாக் கணினிக்கும் போயிருக்கிறது. பேச்சைவிட, நம்பிச் சொன்னதைக் காக்கும் காவல் பெரிது என்று ஒவ்வொன்றாக வாயை இறக்கி வைத்திருக்கின்றன. அப்படித்தான் சொல்கிறார்கள்.

மறுநாள் காலை செண்பகவல்லி ஷட்டரைத் தூக்கினாள். கணினி ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டேன்" என்று அவளாகவே சொன்னாள். வட்டம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

அன்று முதல்தான் கணினி தன் கடைசிப் பேச்சை எழுதிக் காட்டி, "இப்போதா, பிறகா?" என்று நம்மைக் கேட்கிறது, நாமும் செண்பகவல்லியைப் போலவே, என்ன சொல்வதென்று தெரியாமல் "பிறகு" என்பதை அழுத்துகிறோம்.