ஒப்பித்துத் திறந்த மதகு

ஏரிகள் நிறைந்த ஒரு நாட்டைக் குலவர்த்தனன் என்றொரு ராஜா அந்தக் காலத்தில் ஆண்டுவந்தான். அவனுக்குக் கோபம் வந்தால் தண்டனை முதலில், விசாரணை பிறகு.

அன்று அவன் முன்னால் கைகட்டி நின்றவன் ஆதன். நீரியல் கலாசாலையில் முதலாவதாகத் தேறி, பெரிய ஏரியின் மதகுக்கு அதிகாரியாகப் போன இளைஞன். முந்தின நாள் வெள்ளம் வந்தபோது மதகின் மேல் ஏறி, மதகு திறக்கப் படித்த சூத்திரத்தைப் பிழையில்லாமல் ஒப்பித்தான். பிறகு காத்திருந்தான். கலாசாலை வழக்கம் அது: மாணவன் ஒப்பிப்பான், ஆசான் "திறந்தது!" என்பார், அடுத்த பாடம் தொடங்கும். ஏரிக்கரையில் அப்படிச் சொல்ல ஆளில்லை. ஊரார் ஓடிவந்து மதகை அடைத்திருந்த பலகையைத் தூக்கியிராவிட்டால் கரையே போயிருக்கும்.

"பொழுது சாய்வதற்குள் இவன் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்!" என்றான் ராஜா.

ஆதன் வாசல் பக்கம் பார்த்தான். எல்லைக்கு அப்பால் அவனுக்கு யாரைத் தெரியும்?

தலைமை ஆசான் வாகீசருக்கு மந்திரி நன்னியூரார்மேல் நெடுநாள் பொறாமை. "பாடத்தில் பழுதில்லை, மகாராஜா. இவனுக்கு உத்தியோகம் கொடுத்த மந்திரியாரைக் கேளுங்கள்" என்று கொளுத்திப் போட்டார்.

"கேட்கலாம். முதலில் மகாராஜா சாப்பிடட்டும்" என்ற மந்திரி, சமையற்காரரை அழைத்துக் காதில் ஏதோ சொன்னார்.

இலை விழுந்தது. சமையற்காரர் கணீரென்று தொடங்கினார்: "கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கி, புளியைக் கரைத்து ஊற்றி, கொதித்ததும் இறக்கவும்." கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

"சாப்பாடு ஆயிற்று! தாம்பூலம் வரட்டும்!" என்றார் மந்திரி.

"ஓய் மந்திரி! இலையில் ஒரு பருக்கை இல்லை, எதைச் சாப்பிட்டேன்?"

"செய்முறையில் ஓர் எழுத்துப் பிழையில்லையே, அரசே! கலாசாலை முறைப்படி இந்நேரம் உங்களுக்கு ஏப்பம் வந்திருக்க வேண்டும்."

சபை வாயைப் பொத்திக்கொண்டது. ராஜா மெல்லத் திரும்பினான்.

"ஆசானே, உம் கலாசாலையில் மதகு உண்டா?"

"படம் இருக்கிறது, மகாராஜா."

"தண்ணீர்?"

"குடிக்கிற பானையில்..."

ராஜா தொந்தி குலுங்கச் சிரித்தான். கோபம் போன இடம் தெரியவில்லை. தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "இவனை நாடு கடத்த வேண்டாம், ஏரிக்கு அனுப்புங்கள். கலாசாலையும் இன்றே அங்கே போகட்டும். வாகீசரே, முதல் பலகையை நீரே இறங்கித் தூக்கும், மாணவர்கள் பார்க்கட்டும்!"

"ஐயோ, எனக்கு நீச்சல் வராதே!"

ஆதன் ஆசானின் பக்கத்தில் வந்து நின்றான்.

"எனக்கு வரும், ஐயா. என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள்."