காட்டெருமை புகுந்த லில்லிப் பாத்தி

நடுவர் இரண்டே இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் பியூலாவுக்குக் கோப்பை நிச்சயம். மாசி வெயில் பட்டதும் அவள் நட்ட கிழங்குகள் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒன்றாகப் பூத்திருந்தன. வெள்ளை லில்லி, மஞ்சள் டாஃபோடில், வேலியோரம் அவள் களையெடுக்காமல் விட்டுவைத்த ஊதாநிறக் காட்டுப்பூக்கள். கோத்தகிரியில் இப்படி ஒரு வீட்டுத் தோட்டம் இல்லை என்று தெருவே சொன்னது. நேற்று விடியற்காலையில் காட்டெருமை ஒன்று உள்ளே புகுந்து, தெரு சொன்னதை ஆமோதிப்பதுபோல, ஒரு பூ விடாமல் தின்றுவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெள்ளி கவுடர் ஆறுதல் சொல்ல வேலியோரம் வந்து நின்றார். வருஷா வருஷம் தோட்டப் போட்டியில் கோப்பை வாங்குகிறவர் அவர்தான். அதனால் ஆறுதல் கொஞ்சம் உற்சாகமாகவே வந்தது.

"பேரை வாபஸ் வாங்கிடும்மா. எதுக்கு அவமானம்?"

பியூலா மாட்டேன் என்று தலையாட்டினாள். கோப்பை ஒரு தடவையாவது தன் வீட்டுக்கு வரவேண்டும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் புருஷன் சிகாமணிக்கு மட்டும் தெரியும். அவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர். நடுவர் பத்மலோசனி அம்மாள் உதவிக்கு ஒரு பெண்ணோடு கேட்டைத் திறந்ததும், சிகாமணி முந்திக்கொண்டு போய் எதிரே நின்றார். பியூலா பின்னாலிருந்து அவர் சட்டையை இழுத்தாள். இவர் வாயைத் திறந்தால் ஸ்டாப்பிங்கில் நிற்காது.

"பூ எங்கே?" என்றார் நடுவர்.

"அதைத்தான் மேடம் சொல்ல வர்றேன். லில்லி மொட்டு ஒவ்வொண்ணும் பூசணிக்காய் சைசு. விரியறப்போ வெடிச் சத்தம். எங்க நாய் பயந்து ஓடினது, இப்போ குன்னூர்ல இருக்கு."

"உங்க வீட்டுல நாயே கிடையாதே" என்றார் கவுடர்.

"அதான் ஓடிப்போச்சுங்கறேனே அண்ணே!"

உதவிக்கு வந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு மார்க் நோட்டோடு பாத்திக்குள் இறங்கி, மிச்சமிருந்த தண்டுகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"வாசனை இருக்கே மேடம், மேட்டுப்பாளையம் பஸ் நம்ம வாசல்ல தானா நின்னுடுச்சு. கல்யாண மண்டபம்னு நினைச்சு மொத்த ஜனமும் இறங்கி, பந்தி எப்போன்னு கேக்குது. மொய்க் கவரோட வந்தவங்களைத் திருப்பி அனுப்பறதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துபோச்சு."

"தண்டு எவ்வளவு உயரம் வந்துச்சு?" நடுவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"அதுல ஏறித்தான் கூரையில ஓடு மாத்தினேன். அடியில கிழங்கு பெருத்துப் பெருத்து வீட்டையே தூக்கிடுச்சு. முன்னெல்லாம் கவுடர் வீடு நம்ம வீட்டுக்கு வெயிலை மறைக்கும். இப்போ பாருங்க, நாம அவருக்கு மறைக்கிறோம்."

கவுடர் தன்னை அறியாமல் ஒருமுறை தன் கூரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இதைத் தின்ன காட்டெருமை என்ன ஆச்சு தெரியுமா? போற இடமெல்லாம் பின்னாலயே தேனீ சுத்துது. அது போட்ட சாணியைப் பெள்ளி அண்ணன் அள்ளிட்டுப் போய் சாமி ரூம்ல வெச்சிருக்கார். நேத்திலிருந்து ஊதுபத்தி வாங்கறதையே நிறுத்திட்டார்."

"யோவ்! சாமி மேல சத்தியமா நான் தொடவே இல்லை மேடம்!"

பத்மலோசனி அம்மாள் கையை உயர்த்தி நிறுத்தினார். "இங்க பாருங்க சார், கண்ணுல பட்ட பூவுக்குத்தான் மார்க்." பிறகு பியூலா பக்கம் திரும்பினார். "நீங்க சர்ச் பாடகர் குழுவுல இருக்கீங்க இல்லையா? உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க சொன்னா நம்பறேன். இவர் சொன்னதெல்லாம் உண்மையா?"

பியூலா சேற்றைப் பார்த்தாள். இதுவரை அவள் ஒரு விருந்தாளியிடம்கூட, சாப்பிட்டாச்சு என்று பொய் சொன்னதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கவுடரின் பல்வரிசை தெரிந்தது. சிகாமணி மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"இல்லை மேடம். ஒண்ணு பொய்."

"ஒண்ணுதானா?"

"காட்டெருமை பூவைத் தின்னுச்சுன்னாரே, அது. அப்படி நடக்கவே இல்லை. பூதான் காட்டெருமையைத் தின்னுச்சு."

அவள் பாத்தியின் ஓரத்துச் சேற்றைக் காட்டினாள்.

"இதோ, உள்ளே வந்த குளம்புத் தடம். வெளியே போன தடம் எங்காவது இருக்கா, நீங்களே பாருங்க" என்றாள் பியூலா, வீட்டு முகவரி சொல்கிற குரலில்.

நடுவர் குனிந்து பார்த்தார். கவுடரும் வேலிமேல் எக்கிப் பார்த்தார். பாத்திக்கு அந்தப்புறம் சிமெண்ட் தரை. அதில் எந்தத் தடமும் இல்லை. சிகாமணி தன் மனைவியைப் பார்த்தார், டிக்கெட் இல்லாமல் ஏறியவர் செக்கிங் இன்ஸ்பெக்டரைப் பார்ப்பதுபோல.

பத்மலோசனி அம்மாள் நிமிர்ந்தார்.

"இந்தத் தோட்டத்துக்கு சைபர்னு போடு" என்றார், உதவிக்கு வந்த பெண்ணிடம். "போட்டுட்டு, சீக்கிரம் அந்தப் பாத்தியை விட்டு வெளியே வா."