பின்பக்கமாக வந்த பத்திரிகை

“அட்டை உள்ளே போகுது. வெளியே வர மாட்டேங்குது.”

மாசிலாமணி இதை நான்காவது தடவையாகச் சொன்னார். மூன்று தடவை போனில். இப்போது வாசலில் நின்று.

ஜெசிந்தா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். சேலத்தில் அந்தப் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் பிரிண்டர் பழுது பார்க்கிறவள். முப்பது வயதிருக்கும். அதிகம் பேச மாட்டாள். ஜெராக்ஸ் கடைக்காரர் அவளுக்கு வைத்த பெயர் சாமியார். கேள்வி கேட்டால் ஸ்க்ரூ டிரைவர்தான் பதில் சொல்லும் என்பார்.

வாடகை வீடு. கூடத்தில் ஒரே நாற்காலி. மேஜை மேல் கசங்கிய அட்டைகள் பதினொன்று. ஒவ்வொன்றிலும் ‘புதுமனை புகுவிழா’ பாதியில் நின்றிருந்தது.

நூற்றுக்குக் குறைந்து அடிப்பதில்லை என்று அச்சகத்தில் கையை விரித்துவிட்டார்களாம். அவருக்கு வேண்டியது இருபத்திரண்டு. எவ்வளவு யோசித்தும் அதற்கு மேல் ஆள் தேறவில்லை. வீட்டில் லேசர் பிரிண்டர் இருக்கிறதே என்று அட்டையை மட்டும் வாங்கி வந்தார். இருப்பதிலேயே தடிமனானது. மெல்லிசாக இருந்தால் மதித்து வர மாட்டார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

ஜெசிந்தா மூடியைத் திறந்தாள். சிக்கியிருந்த அட்டையை உருவினாள். உருளையைத் துணியால் துடைத்தாள். துணி மஞ்சளாக வந்தது. முகர்ந்து பார்த்தாள்.

“மஞ்சளா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் வைப்பது அவர் மனைவியின் வேலை. அவள் போய் இரண்டு வருஷம். அச்சடித்த பிறகு மறந்துவிடுவோமோ என்று இருபத்திரண்டு அட்டைக்கும் முன்கூட்டியே தடவிக் காயவைத்துவிட்டார்.

“மெஷினுக்கும் பத்திரிகை வெச்சுட்டீங்க, சார்.”

துடைத்து முடித்து, கட்டில் மிச்சமிருந்த மஞ்சள் படாத அட்டை ஒன்றை விட்டாள். அதுவும் நடுவில் நின்றது. நான் சொல்லவில்லையா என்பதுபோல் அவர் பார்த்தார்.

ஜெசிந்தா இன்னொரு அட்டையை அவர் கையில் கொடுத்தாள்.

“இதை வளைங்க.”

வளைத்தார். பட்டென்று மடிந்து கோடு விழுந்தது.

அவள் மேஜையைச் சுவரை விட்டு நடுக்கூடத்துக்கு இழுத்தாள். இயந்திரத்தின் பின்பக்கக் கதவைத் திறந்தாள். அது மூடியிருந்தால் தாள் உள்ளேயே வளைந்து ஏறி மேலே வர வேண்டும். திறந்திருந்தால் நேராகப் போகலாம்.

அட்டை நேராகப் போய்த் தரையில் விழுந்தது. எடுத்து விரலால் தேய்த்தாள். எழுத்து விரலோடு வந்துவிட்டது.

ஏதோ பொத்தான்களை அழுத்தித் தடித்த தாள் என்று இயந்திரத்துக்குச் சொன்னாள். அடுத்த அட்டையை அது முனகிக்கொண்டே இழுத்தது.

“ஏம்மா இவ்வளவு மெதுவா?”

“தடிச்ச அட்டை, சார். சூடு உள்ளே இறங்கணும்.”

தேய்த்தார். எழுத்து அசையவில்லை.

ஆனால் இதுவும் தரையில்தான் விழுந்தது. சுபகாரியப் பத்திரிகை தரையில் விழலாமா என்று கேட்டார். முன்னால் ஒவ்வொன்றாக விட ஒருத்தர், பின்னால் வாங்க ஒருத்தர் என்றால் தான் எங்கே போவது என்றும் கேட்டார்.

“நான் ஒத்தை ஆளும்மா.”

ஜெசிந்தா பின்பக்கம் போய் இரண்டு கையையும் நீட்டினாள்.

அவர் விட்டார். அவள் வாங்கினாள். ஒவ்வொன்றுக்கும் அவர் உறையைப் பார்த்துப் பெயர் வாசித்தார். பஸ் டிப்போவில் கூட வேலை பார்த்தவர்கள். பால்காரர். மருந்துக் கடைக்காரர். பத்தாவது அட்டையை வாங்கும்போது அவள், “குடும்பத்தோட வந்துடறோம்” என்றாள். மாசிலாமணி சிரித்துவிட்டார். சிரித்த சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது.

இருபத்தொன்று முடிந்தது. ஓர் உறை மிச்சம். ஆத்தூர் விலாசம். தபால்தலை ஒட்டித் தயாராக இருந்தது.

அக்கா செங்கமலத்துக்கு என்றார். ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் மகன் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. கூடப் பிறந்தவனுக்குத் தபாலா என்று இவர் போகவில்லை. அவளும் ஏனென்று கேட்கவில்லை. இப்போது புது வீட்டில் பால் காய்ச்ச மனைவி இல்லை. அக்காதான் காய்ச்ச வேண்டும். அவள் வராவிட்டால் அடுப்புப் பற்ற வைக்க ஆளில்லை.

“வருவாளாம்மா?”

ஜெசிந்தா பின்பக்கத்திலிருந்து விலகி வந்தாள். பையை எடுத்து ஸ்க்ரூ டிரைவரை உள்ளே போட்டாள்.

“இதை நீங்களே வாங்குங்க.”

“இங்கே விட்டுட்டு அங்கே போறதுக்குள்ளே விழுந்துடும்.”

“மெதுவாத்தான் வருது, சார். நடந்தாலே போதும்.”

மாசிலாமணி அட்டையை விட்டார். மேஜையைச் சுற்றி நடந்தார். கையை நீட்டினார்.

கொஞ்ச நேரம் காத்திருக்கவும் வேண்டியிருந்தது.

அட்டை சூடாக உள்ளங்கையில் வந்து இறங்கியது. அவர் அதைக் கீழே வைக்கவில்லை. தபால்தலை ஒட்டிய உறையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

முப்பத்தோரு வருஷம் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவர். ஆத்தூர் வண்டிகள் புறப்படும் நேரத்தைத் தினமும் தன் கையால் எழுதியவர். இந்த ஒன்பது வருஷத்தில் ஒன்றில்கூட ஏறியதில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ரெண்டு பத்துக்கு ஒரு வண்டி இருக்கு.”

ஜெசிந்தா மஞ்சள் கிண்ணத்தை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

“இப்ப வைங்க.”