பனிக்குள் ஒரு பதில்

"அம்மா, அந்தச் சத்தத்தை நிறுத்திக் கொடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான் சித்திரைவேல்.

ஹெல்கா அம்மா தோட்டத்தில் பிடுங்கிய கேரட்டுகளின் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன சத்தம்?"

"உங்க தியானத்துல வர்ற சத்தம்."

"நான் யாருக்கும் தியானம் சொல்லித் தரலையே."

இப்படித்தான் சொல்வார் என்று மலையேறும்போதே ஜீப் ஓட்டுநர் பூபதி எச்சரித்திருந்தான். "அந்த வெள்ளைக்காரம்மா ஒண்ணும் சொல்லித் தராது சார். சாயங்காலமானா கையத் தட்டும், சும்மா உக்காரும், டீ குடிக்கும். அதுக்குப் போய் எங்கிருந்தெல்லாமோ வர்றீங்க. எங்க தெருவுல கை தட்டினா நாய்தான் வரும்."

மலை விளிம்பில் இருந்த அந்தச் சிற்றூருக்கு ஒரு காலத்தில் ஹிப்பிகள் வந்தார்கள். நீளத் தலைமுடி, வெறுங்கால், கித்தார், கஞ்சா. ஊர்க்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு அறையை வாடகைக்கு விட்டார்கள். கீழே சமவெளியில், முடி வளர்த்த பிள்ளைகளை அப்பாக்கள் 'ஹிப்பித் தலையா' என்று திட்டி சலூனுக்கு இழுத்துப் போனார்கள்.

பிறகு கூட்டம் கலைந்தது. பலர் ஊர் திரும்பி வக்கீல்களும் வியாபாரிகளும் ஆனார்கள். சிலர் திரும்பவில்லை; ஹெல்கா அம்மா அவர்களில் ஒருவர்.

போனவர்கள் இங்கிருந்து ஒன்றை எடுத்துப் போனார்கள். பொழுது சாயும்போது மூன்று முறை கை தட்டுவது. பிறகு அசையாமல் மௌனமாக இருப்பது. பெர்லினில் அதற்கு ஒரு கூடம் வந்தது. கலிபோர்னியாவில் முகாம் வந்தது. கடைசியில் கைபேசிச் செயலியும் வந்தது. தென்காசியில் பிறந்த சித்திரைவேல், கணினி வேலைக்காக டொரன்டோ போய், அங்கே ஒரு கனடாக்காரரிடம் அதைக் கற்றுக்கொண்டான்.

"மூணு தட்டுறேன், கண்ணை மூடுறேன்" என்றான். "கொஞ்ச நேரத்துல தூரத்துல யாரோ ரெண்டு தட்டுறாங்க."

கேரட்டைத் துடைத்த கை நின்றது.

"ரெண்டா?"

"எப்பவும் ரெண்டுதான். அங்க இருக்கிற குரு, அது மனசோட இரைச்சல், விட்டுடுன்னார். டாக்டர் காதைப் பார்த்துட்டு மாத்திரை கொடுத்தார். இப்ப நான் தட்டாமலே கேக்குது. வண்டி ஓட்டும்போது கேட்டு, பிரேக்கை மிதிச்சுட்டேன். பின்னால வந்தவன் இடிச்சான். என் பொண்ணு பக்கத்துல இருந்தா. இப்ப என் வண்டியில ஏறவே மாட்டேங்குறா."

"கூட உக்காருறவங்களுக்குக் கேக்குதா?"

"கேட்டுப் பார்த்தேன். சிரிக்கிறாங்க. உங்களுக்குக் கேக்குமேம்மா?"

"ஒரு நாளும் கேட்டதில்ல."

ஹெல்கா அம்மா கூடையை ஓரமாக வைத்தார்.

"யான்னு பேருள்ள ஒருத்தன். அவனும் நானும் சேர்ந்துதான் இந்த மலைக்கு வந்தோம். இங்க பனி இறங்கினா பக்கத்துல நிக்கிறவன் முகம் தெரியாது. கத்தினா குரல் கரைஞ்சுடும். கைதட்டல் கரையாது. அதனால நாங்க பேசி வச்சுக்கிட்டோம். வழி தவறினவங்க மூணு தட்டணும். வழி தெரிஞ்சவங்க ரெண்டு தட்டணும். ரெண்டு கேக்குற பக்கமா நடந்து வரணும்."

"அப்புறம்?"

"ஒரு நாள் பனி இறங்குச்சு. அவனைக் காணோம். நான் விளிம்புல நின்னு தட்டினேன். மறுநாளும் தட்டினேன். மத்த பசங்களும் கூட உக்காந்து தட்டினாங்க. தட்டிட்டு, பதில் வருதான்னு சத்தம் போடாம கேப்போம். அவ்வளவுதான். ஊருக்குப் போனவங்க அதை என்னன்னு சொன்னாங்களோ, யார் கண்டா?"

சித்திரைவேலுக்கு டொரன்டோ கூடம் நினைவுக்கு வந்தது. மெத்தைத் திண்டுகள், சாம்பிராணிப் புகை, வரிசை வரிசையாக மூடிய கண்கள். எல்லோரும் ஒன்றாக மூன்று தட்டு.



"அம்மா, காணாம போனது அவர்தானே? நீங்க ஏன் மூணு தட்டினீங்க?"

"போலீஸும் இதைத்தான் கேட்டாங்க."

எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டார். கைத்தடியை எடுத்தார்.

"வா."

விளிம்பில் ஊராட்சி போட்ட இரும்புத் தடுப்பு இருந்தது. அதற்கு அப்பால் தரை கிடையாது. மேகம் விலகினால் சமவெளியின் ஏரிகள் காலுக்குக் கீழே தெரியும் என்று பூபதி சொல்லியிருந்தான். இப்போது வெள்ளையாகப் பனி மட்டும் நின்றது.

ஹெல்கா அம்மா மூன்று முறை தட்டினார்.

பதில் உடனே வந்தது. இதுவரை அவன் கேட்டிராத அளவுக்குப் பக்கத்தில். தடுப்புக்கு அந்தப் புறம், சற்று வலப்பக்கமாக.

அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"கேட்டுச்சா?"

"இல்லம்மா. ஒண்ணும் கேக்கல."

"உனக்குப் பொய் சொல்ல வராது. உன் தலை திரும்பிடுச்சு."

உண்மைதான். கழுத்து வலப்பக்கம் திரும்பியிருந்ததை அவன் அப்போதுதான் உணர்ந்தான்.

"அங்க பாதை இல்லம்மா!"

"இருந்துச்சு."

அவன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தான். அவர் உதறவில்லை, திட்டவில்லை. தாமதமான பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நின்றார்.

"நிறுத்தணும்னுதானே வந்தே?" என்றார். "தேடுறவ போய்ச் சேர்ந்துட்டா, அவன் எதுக்குத் தட்டப்போறான்?"

எப்போது கையை விட்டான் என்று அவனுக்குத் தெரியவில்லை. எண்பதை நெருங்கும் அந்த உடம்பு, துணி காயும் கொடிக்கு அடியில் குனிந்து போவது போலத் தடுப்புக்கு அடியில் குனிந்து போயிற்று. பனி மூடிக்கொண்டது.

கைத்தடி கல்லில் ஊன்றும் ஒலி கேட்டது. கல்லே இல்லாத இடத்தில், வெகு நேரம், இறங்கிக்கொண்டே கேட்டது.

பிறகு அதுவும் இல்லை.

சித்திரைவேல் காத்திருந்தான். காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை. தட்டல் இல்லை, எதிரொலி இல்லை. கேட்டு வந்தது கிடைத்துவிட்டது.

கீழே எங்கோ பூபதி ஹாரன் அடித்தான். சித்திரைவேல் திரும்பி நடந்தான். பிடித்து நடக்கத் தடுப்பைத் துழாவினான், அது கையில் தட்டுப்படவில்லை. இன்னும் சில அடி வைத்தான். கேரட் தோட்டமும் வரவில்லை. மறுபடி ஹாரன். அது முன்னாலா பின்னாலா என்று சொல்ல முடியவில்லை.

"பூபதி!"

குரல் வாயருகிலேயே கரைந்தது. கையை நீட்டினான். விரல் நுனி தெரியவில்லை.

அவன் நின்றான். பிறகு, கண்ணை மூடாமல், மூன்று முறை கை தட்டினான்.

மௌனம்.

கீழிருந்து இரண்டு தட்டு.

அதை ஒட்டி, அதன் பக்கத்திலேயே, இன்னும் தோட்டத்து மண் காயாத கைகளின் மெத்தென்ற ஓசையில், வேறு இரண்டு.