அயோடின் ஏன் பழுப்பானாள்

அந்தக் காலத்தில் தனிமங்கள் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்தன. ஹாலஜன் குடும்பத்துப் பெண்களுக்கு ஒரே ஒரு குறைதான்: மடியில் வைத்துக் கொஞ்ச ஓர் எலக்ட்ரான் இல்லை. மூத்தவள் அயோடின் அந்த ஏக்கத்திலேயே கறுத்துப்போயிருந்தாள்.

பொட்டாசியத்திடம் ஓர் எலக்ட்ரான் கூடுதலாக இருந்தது. ஒருநாள் அவன் அயோடினைத் தேடி வந்தான்.

"என்னால் இதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. நீங்கள் வளர்க்கிறீர்களா?"

அயோடின் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கறுப்பெல்லாம் கரைந்து தண்ணீரைப் போலத் தெளிந்து, அயோடைடு ஆகிவிட்டாள். பொட்டாசியமும் அருகிலேயே தங்கிவிட்டான். குழந்தை அவளை "அம்மா" என்றது. அவளோ பெரிய உருவம். அவள் கைக்கு எட்டியும் எட்டாமலும் வெளிச்சுற்றில் குழந்தை ஓடி விளையாடும். வேறு வேலையே இல்லாதவளைப் போல அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் தங்கை குளோரின் வந்தாள். பச்சை பூத்து வெளிறிய முகம். குழந்தையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை தூக்கிக்கொள்ளட்டுமா?"

அந்தக் கண்களைப் பார்த்த பிறகு அயோடினுக்கு மறுக்க மனம் வரவில்லை. "அதற்கென்னடி, பிடி" என்று தானே தூக்கிக் கொடுத்தாள்.

குளோரின் சின்ன உருவம். குழந்தையை நெஞ்சோடு சேர்த்து அணைத்தாள். அணைத்த கை பிரியவே இல்லை.

"போதும், கொடு."

"கொடுக்கக் கூடாதென்று இல்லையக்கா" என்று குளோரின் அழுதாள். "கை திறக்க மாட்டேன் என்கிறது."

பொட்டாசியம் தலைகுனிந்தான். "பிள்ளை இருக்கிற இடத்தில்தானே நான் இருக்க முடியும்?" என்று குளோரின் பக்கம் போய்விட்டான். அயோடினின் உடம்பெங்கும் பழுப்பு ஏறியது.

பல காலம் பொறுத்திருந்து, எப்படியும் கேட்டு வாங்கிவிடுவது என்று தங்கை வீட்டுக்குப் போனாள். குளோரின் முகத்தில் இப்போது பச்சை இல்லை, தெளிந்து குளோரைடு ஆகியிருந்தாள். அவள் மடியிலிருந்து குழந்தை எட்டிப் பார்த்தது.

"அம்மா, பெரியம்மா வந்திருக்காங்க."

அயோடினின் நீட்டிய கை பாதியிலேயே நின்றது.

அன்று முதல்தான் அயோடைடு கரைசலில் குளோரின் நீரை விட்டதும் அது பழுப்பாகிறது. குளோரைடு கரைசலில் அயோடினை எவ்வளவு விட்டாலும் எந்த வினையும் நடப்பதில்லை. அவள் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.