காது மட்டத்துக்கு ஒரு மேசை

வெங்கலப்பாளையத்தில் புத்தி மட்டானவர்கள் மூன்றே மூன்று பேர்தான் என்று ஊர்க்காரர்கள் சத்தியம் செய்வார்கள். அந்தச் சத்தியம் எதுவரைக்கும் தாங்கும் என்பதைக் கடைசியில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடுகிறவர் நாச்சிமுத்து. கீபோர்டு சென்னியப்பன். தபலா மருதாசலம். மூவரும் சேர்ந்தால் 'அகில உலக இன்னிசைக் குழு'. உலகத்தில் அவர்கள் போய்வந்த தூரம் பக்கத்து ஊர் காதுகுத்து வரைக்கும்; அங்கேயும் குழந்தை அழுததற்குக் காரணம் ஊசி இல்லை என்று பேச்சு.

நாச்சிமுத்துவுக்கு ஒரே ஒரு ஆசை. மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வேப்பமரத்தில் கட்டுகிற மைக் செட் குழாயில் தன் பாட்டு ஒலிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுவந்தார். இருபத்திரண்டு வருஷமாகக் கோயில் கமிட்டி, "அடுத்த நோம்பிக்குப் பாத்துக்கலாமுங்க" என்று சொல்லிவந்தது. இந்த வருஷம் கமிட்டித் தலைவருக்கு அலுத்துப்போய்விட்டது.

"செவ்வாக்கெழம கம்பம் நடறோம். அதுக்குள்ள ஒரு பாட்டப் பதிஞ்சு குடுங்க, போடறோம். குடுக்காட்டி இனி இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது," என்றார்.

நாச்சிமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், ஆசையில் ஒரு குறையும் இல்லை. குரலில்தான்.

வீட்டு உள்ளறையைக் காலி செய்து ஸ்டுடியோ ஆக்கினார்கள். கம்ப்யூட்டர் இருந்தது. மைக் இருந்தது. ஸ்பீக்கர் இரண்டு இருந்தது. வைக்க மேசை இல்லை. நாச்சிமுத்துவின் மனைவி மயிலாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, என்ற தையல் மிசின் மேசை சும்மாதான கெடக்குது? அதுமேல வெச்சுப் பாடி முடிங்க."

மூவரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"தையல் மேசைல பதிஞ்சா பாட்டு அங்கங்க ஒட்டுப் போட்டாப்பல வருமுங்கக்கா," என்றான் சென்னியப்பன்.

"ஸ்டுடியோ மேசைன்னா அது தனி மயிலா. உனக்கு அதெல்லாம் வெளங்காது," என்றார் நாச்சிமுத்து.

மருதாசலத்தின் மச்சான் கதிர்வேல் கோயமுத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறவன். விவரமானவன். அவனுக்குப் போன் போட்டார்கள்.

"நல்லாக் கேட்டுக்க மச்சான். மேசை ஆடக் கூடாது. நாலு காலும் ஒண்ணா ஒரே அளவுல இருக்கோணும். நீங்க உக்காந்தா ஸ்பீக்கர் ரெண்டும் காது மட்டத்துக்கு வரோணும். கட்டைய மட்டும் நல்லாப் பாத்து வாங்குங்க," என்றான் கதிர்வேல்.

மருதாசலம் அதை வேட்டி டப்பா அட்டையில் குறித்துக்கொண்டான். தபலாவிலேயே பாதி அடியை விட்டுவிடுகிறவன் எழுத்தில் மட்டும் விடாமல் இருப்பானா? அட்டையில் இவ்வளவுதான் இருந்தது: 'ஆடக் கூடாது. நாலு காலும் ஒண்ணா. காது மட்டம், ஸ்பீக்கர். கட்டை பாத்து.'

முதலில் கட்டை. மரக்கடைக்காரர், "எத்தன கட்டைங்க வேணும்?" என்று கேட்டார்.

நாச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்தினார். "நாலரைக் கட்டை. பாட ஆரம்பிச்ச நாள்ல இருந்து நான் அதுல இருந்து எறங்குனதே இல்லீங்க."

மரக்கடைக்காரருக்குச் சுருதிக் கட்டையும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. நாலரைக் கட்டையை அறுத்து, மேலே ஒரு பலகையையும் வைத்து வண்டியில் ஏற்றிவிட்டார்.

ஆசாரி சுப்பண்ணன் நாலு காலையும் இழைத்துப் பலகையில் பூட்டினார். மிச்சம் இருந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த அரைக் கால் எதுக்குங்க?"

"அது இல்லைன்னா நான் நாலு கட்டைக்கு எறங்கீருவனுங்க ஆசாரியாரே," என்றார் நாச்சிமுத்து.

சுப்பண்ணன் ஊரிலேயே நிதானமான மனுஷர் என்று பேர் வாங்கியவர். அரைக் காலை மேசைக்கு நடுவில் தொங்கவிட்டு ஆணி அடித்துவிட்டு, கருவிப் பையை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். மேசை கல்லுப் போல நின்றது. அதோடு விட்டிருக்கலாம். மருதாசலம் அட்டையை எடுத்தான்.

"அண்ணா, தப்பு நடந்துபோச்சு. நாலு காலும் ஒண்ணா இருக்கோணும்னு மச்சான் சொன்னானுங்க. இது நாலும் நாலு மூலைல நிக்குது."

நாச்சிமுத்து மேசையைச் சுற்றி வந்தார். "ஆமாண்டா. ஒண்ணுக்கொண்ணு மூஞ்சி குடுக்காம நிக்குதே. பங்காளிச் சண்டை ஏதாச்சுமா?"

"ஆசாரி வேணும்னே பிரிச்சு வெச்சிருக்காருங்ணா," என்றான் சென்னியப்பன். "இதுமேல பாட்டு வெச்சா பாட்டும் நாலாப் பிரிஞ்சு போயிருமுங்க."

நாலு காலையும், நடுவில் தொங்கிய அரைக் காலையும் கழற்றினார்கள். கால்களை ஒன்றாகச் சேர்த்துத் தாம்புக் கயிற்றால் கட்டிப் பலகைக்கு நடுவில் அடித்தார்கள். கயிறு நாலு காலுக்குத்தான் எட்டியது. அரைக் கால் மிஞ்சியது. மயிலாத்தாள் அதைக் கொண்டுபோய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். அந்த மேசை வேலையில் உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

இப்போது மேசை குடை மாதிரி ஒற்றைக் காலில் நின்றது. நின்றது என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். கையை எடுத்ததும் சென்னியப்பன் கால்மேல் விழுந்தது.

"ஆடக் கூடாதுன்னு அட்டைல எழுதியிருக்குது, ஆடுதே!" என்று அவன் அட்டையை மேசைக்கு முன்னால் நீட்டிக் காட்டினான். மேசை அதைப் படிக்கவில்லை. ஆகவே பாடும்போது சென்னியப்பன் ஒரு பக்கமும் மருதாசலம் மறுபக்கமும் பிடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அப்படியானால் கீபோர்டையும் தபலாவையும் யார் வாசிப்பது என்ற கேள்வி அவர்களில் ஒருவருக்கும் எழவில்லை. கேட்கிறவர்களுக்கு அதுவும் ஒரு நல்ல காலம்தான்.

அடுத்தது ஸ்பீக்கர். மருதாசலம் அட்டையைப் படித்தான்: "காது மட்டம், ஸ்பீக்கர்."

"யாரு காது மட்டம்னு போட்டிருக்குது?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"பேர் இல்லீங்ணா. காது யாருக்கு மட்டமோ அவங்களுக்கு ஸ்பீக்கர்னு அர்த்தம்."

சென்னியப்பன் உடனே முன்னால் வந்தான். "அப்ப எனக்குத்தானுங்க வரோணும். போன தை மாசம் கல்யாணத்துல அண்ணன் ஒரு பாட்டுப் பாடுனாரு, நான் வேற பாட்டு வாசிச்சேன். முடியற வரைக்கும் எனக்குத் தெரியவே இல்லீங்க."

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும்?" என்றார் நாச்சிமுத்து.

"நான் ரெண்டு பேருக்குமே வாசிக்கலீங்க," என்றான் மருதாசலம். "பக்கத்துப் பந்தல்ல கேட்ட பாட்டுக்கு வாசிச்சுட்டு இருந்தேன்."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தக் குழுவுக்குத் தலைவன் யாரு? நானா நீங்களா? குழுவுலயே மட்டமான காது தலைவனுக்குத்தாண்டா இருக்கோணும். இருவத்திரெண்டு வருசமா என்ற பாட்ட நானே ரசிச்சுக் கேட்டுட்டு வர்றேன். இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

சிஷ்யர்கள் தலைகுனிந்தார்கள். அந்தச் சாட்சிக்கு எதிராக ஊரில் எவரும் பேச முடியாது. இரண்டு ஸ்பீக்கரையும் நாச்சிமுத்துவின் இரண்டு காதிலும் வைத்துத் துண்டால் தலையோடு இறுக்கிக் கட்டினார்கள். அதற்குப் பிறகு அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

திங்கட்கிழமை காலையில் பதிவு. நாச்சிமுத்து பட்டனைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடி, உருகி, அம்மனை அழைத்துப் பாடினார். முதல் வரியிலேயே மேசை சென்னியப்பன் பக்கம் சாய்ந்தது. மேசைமேல் இருந்த மைக் வழுக்கிப் போய் அவன் வாய்க்கு நேராக நின்றது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் நாச்சிமுத்துவுக்குத் தெரியாது. பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தபோது மேசை நாலு துண்டாகக் கிடந்தது. கம்ப்யூட்டர் மருதாசலத்தின் மடியில் இருந்தது.

"பதிஞ்சத ஒருக்காப் போட்டுக் கேட்டுப் பாருங்க," என்றாள் மயிலாத்தாள்.

"நாமளே கேட்டுத் தீத்துட்டா நாளைக்கு ஊருக்கு என்ன மிஞ்சும்?" என்றார் நாச்சிமுத்து.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அம்மனுக்கான மரக் கம்பத்தை நட்டாகிவிட்டது. ஊரே கோயில் முன்னால் கூடியிருந்தது. நாச்சிமுத்து புது வேட்டியில் முன்வரிசையில் நின்றார். குழாய் கரகரத்தது. எங்கோ தொலைவில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் "தாயே" என்று ஒரு குரல் கேட்டது. அதை அமுக்கிக்கொண்டு சென்னியப்பனின் குரல் எட்டு ஊருக்குக் கேட்கும்படி வந்தது:

"ஐயோ, சாயுது! புடிங்கடா! விட்றாதீங்க! செத்தாலும் விடக் கூடாது!"

குழாயில் வந்தால் அது கமிட்டி உத்தரவு என்பது வெங்கலப்பாளையத்து வழக்கம். கமிட்டித் தலைவர் முதலில் பாய்ந்து கம்பத்தைக் கட்டிப் பிடித்தார். அவர் இடுப்பைப் பால்காரர் பிடித்தார். பால்காரரை மரக்கடைக்காரர் பிடித்தார். கண் மூடித் திறப்பதற்குள் ஊரே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றது. கம்பம் அது பாட்டுக்கு நேராகத்தான் நின்றிருந்தது.

நாச்சிமுத்துவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. "என்ற பாட்டுக்கு ஒருத்தன்கூட எந்திரிச்சுப் போகல பாருடா மருதாசலம். இது போதும் எனக்கு."

பாட்டு முடிந்தது. ஒருவரும் கையை எடுக்கவில்லை.

"தலைவரே, விட்றலாமுங்களே," என்றாள் மயிலாத்தாள்.

"புடின்னு வந்துச்சு. விடுன்னு வரலியேம்மா," என்றார் தலைவர், கம்பத்திலிருந்து கன்னத்தை எடுக்காமல். "வரட்டும், விடறோம்."

மயிலாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த மைக்க எடுத்து 'விடுங்க'ன்னு ஒரு வார்த்தை கத்துங்களேன்!"

"மேசை இல்லாமயா?" என்றார்கள் மூவரும் ஒரே குரலில். அவர்கள் ஒரே சுருதியில் சேர்ந்தது அதுதான் முதல் தடவை.

நாச்சிமுத்து யோசித்தார். "ஒரே ஒரு வார்த்தைதான? அதுக்கு எதுக்கு நாலரைக் கட்டை? அரைக் கட்டை தாராளம்."

வீட்டுக்கு ஓடிக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த அரைக் காலை உருவிக்கொண்டு, ஒரு மேசை செய்து தரச் சொல்ல ஆசாரியைத் தேடி ஊரெல்லாம் அலைந்தார்கள். வீட்டில் இல்லை. பட்டறையில் இல்லை. கடைசியில் கோயில் முன்னால் கண்டுபிடித்தார்கள். நிதானமான மனுஷர் சுப்பண்ணன், மரக்கடைக்காரர் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆசாரியாரே, அவசரமா ஒரு மேசை வேணுங்க."

"அதுக்கென்னங்க, அர நாழில செஞ்சு தந்தர்றேன்," என்றார் சுப்பண்ணன். "மொதல்ல குழாயில விடச் சொல்லுங்க."